பகடையைத் திருப்பிய கை: ஸ்டார் வார்ஸ் படங்களில் சுயவிருப்பத்தையும் தார்மிக உரிமையையும் கவனிக்கும் முறை

ஸ்டார் வார்ஸ் வரிசையில் 1999இல் வெளிவந்த முதல் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டாட்டூயின் என்ற பாலைவனக் கிரகத்தில் க்வை-கான் ஜின் என்ற ஜெடாய் (ஃபோர்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத ஆற்றலால் பொருள்களையும் மனங்களையும் அசைக்கக்கூடிய துறவி வீரர்), வாட்டோ என்ற பழைய உதிரிபாக வியாபாரியிடம் பந்தயம் பேசும் காட்சிக்கு வந்ததும், ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு க்வை-கானின் கையை மட்டும் பாருங்கள். பேசப்படுவது இரண்டு அடிமைகளின் விடுதலை: ஒன்பது வயதுச் சிறுவன் அனக்கின், அவனுடைய தாய் ஷ்மி. ஒரு பந்தய ஊர்திக்கு ஈடாக இரண்டு அடிமைகளைப் பணயம் வைக்க முடியாது என்று வாட்டோ மறுக்கிறான். ஒருவரைத்தான் வைக்க முடியும், அது யார் என்பதை விதியே தீர்மானிக்கட்டும் என்று தன்னிடமிருந்த ஒரு பகடையை எடுக்கிறான். நீலம் விழுந்தால் பையன், சிவப்பு விழுந்தால் தாய். பகடை உருண்டு நிற்பதற்குள் க்வை-கானின் கை மிக இலேசாக அசைகிறது. நீலம் விழுகிறது.

அந்தச் சில நொடிகளுக்குள் இந்த வரிசையின் கேள்வி முழுவதும் அடங்கியிருக்கிறது. விதி என்று ஒருவன் பெயரிட்டதை இன்னொருவர் தம் கையால் திருப்பிவிட்டார். அவருக்கு நோக்கம் நல்லதுதான். அந்தச் சிறுவனே தீர்க்கதரிசனத்தில் சொல்லப்பட்டவன் என்று அவர் நம்புகிறார். ஆனால் யார் விடுதலை பெறுவது, யார் பின்தங்குவது என்பதைத் தாய்க்கும் மகனுக்கும் தெரியாமல் தீர்மானிக்க அவருக்கு உரிமை எங்கிருந்து வந்தது என்று படத்தில் எவரும் கேட்பதில்லை. பத்து ஆண்டுகள் கழித்துத் திரும்பிவரும் மகனின் கைகளில் அந்தத் தாய் உயிரை விடும்போது, அவனுடைய முதல் படுகொலைக்கு அது காரணமாகிறது. பகடையைத் திருப்பியவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

இந்தப் படங்களை ஒருமுறையாவது பார்த்துவிட்டு, சுயவிருப்பமும் தார்மிக உரிமையும் அவற்றில் எங்கெங்கே மோதுகின்றன என்று கவனமாகப் பார்க்கவோ, எழுதவோ, நண்பர்களோடு விவாதிக்கவோ விரும்புவோருக்கு இந்தக் கட்டுரை பயன்படக்கூடும். நான் பின்பற்றும் முறை மிக எளியது. வசனத்தை உடனே நம்பாமல் கைகளைக் கவனியுங்கள். இந்தப் படங்களில் ‘இதுதான் உன் ஊழ்’ என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் கேட்பவரிடமிருந்து அவருக்கு ஏதோ ஒன்று தேவைப்படுகிறது. ஆயுதத்தை எடுப்பது, நீட்டுவது, கீழே போடுவது, பிடித்ததை விட்டுவிடுவது ஆகியவையெல்லாம் கையால் நடப்பவை என்பதால், ஒருவர் உண்மையிலேயே முடிவெடுத்த கணம் அங்கேதான் பிடிபடுகிறது.

சொற்களைச் சரிசெய்துகொள்ளுதல்

எழுத உட்காரும் முன் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ளாவிட்டால் பாதி வழியில் குழப்பம் வரும். பலர் ‘தன்னிச்சை’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ‘அதிகாரி தன்னிச்சையாக முடிவெடுத்தார்’ என்று செய்தித்தாள் எழுதும்போது அது குற்றச்சாட்டு. யாரையும் கேளாமல், முறையைப் பொருட்படுத்தாமல் நடந்தார் என்று பொருள். அந்தக் கறை படியாமல் எழுத ‘சுயவிருப்பம்’ பொருத்தமாக இருக்கிறது. வேறுவிதமாகச் செய்திருக்க முடிந்தும் இதைச் செய்தார் என்பதே அதன் உள்ளடக்கம்.

‘தார்மிக உரிமை’ நமக்குப் பழகிய சொல்தான். எந்த அரசியல் மேடையிலும் ‘அதைக் கேட்க உங்களுக்கு என்ன தார்மிக உரிமை இருக்கிறது’ என்ற வாக்கியம் ஒலிக்கும். இதிலிருந்து பதவியையும் வலிமையையும் தனியே பிரித்துக்கொள்ளுங்கள். ஜெடாய் மன்றத்திற்குப் பதவி இருக்கிறது. பேரரசருக்கு வலிமை இருக்கிறது. ‘நீ இதைச் செய்யக் கூடாது’ என்று இன்னொருவரிடம் சொல்லும் தகுதி இந்த இரண்டாலும் தானாக வந்துவிடுவதில்லை.

‘விதி’ என்ற சொல்லோடு சற்று மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். தலையெழுத்தும் விதி, ஓர் அமைப்பின் சட்டப்பிரிவும் விதி. முதலில் இதை ஓர் இடையூறாக நினைத்தேன். பிறகு இதுவே ஒரு திறவுகோலாக அமைந்தது. இந்தக் கதையில் தீர்க்கதரிசனத்திற்குப் பொருள் சொல்வோரும், யாரையும் பற்றுக்கொண்டு நேசிக்கக் கூடாது, திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்று ஒழுங்கு வகுப்போரும் ஒரே மன்றத்தினர்தாம். 2005ஆம் ஆண்டுப் படத்தில் மன்றத்தின் மூத்த ஆசிரியரான யோடாவே அந்தத் தீர்க்கதரிசனம் தவறாகப் படிக்கப்பட்டிருக்கலாம் என்கிறார். குறிப்பெடுக்கும்போது முதலாவதை ‘ஊழ்’ என்றும் இரண்டாவதை ‘ஒழுங்கு’ என்றும் எழுதிப் பழகினால், யார் எதை எதற்காக மாற்றிமாற்றிப் பயன்படுத்துகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

எந்த வரிசையில், எந்தப் பதிப்பை

முதல் ஆறு படங்களைப் பார்க்க ஏறத்தாழ 13 மணி நேரம் ஆகும். கதையின் காலவரிசைப்படி பார்ப்பதா, வெளிவந்த வரிசைப்படி பார்ப்பதா என்ற வாக்குவாதம் ரசிகர்களிடையே தீர்வதே இல்லை. நம்முடைய நோக்கத்திற்கு வெளிவந்த வரிசையே ஏற்றது: முதலில் 1977, 1980, 1983, பிறகு 1999, 2002, 2005. இப்படிப் பார்க்கும்போது, பந்தய ஊர்தியில் சிரித்துக்கொண்டு அமரும் சிறுவன் பேரரசரின் கொடிய அடியாளான டார்த் வேடராகப் போகிறான் என்பது நமக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஆயினும் ஒவ்வொரு திருப்பத்திலும், இவன் வேறு பக்கம் போயிருக்கலாமே என்று மனம் பதைக்கிறது. நடக்கப்போவதை அறிந்திருப்பதும் நடக்குமாறு கட்டாயப்படுத்துவதும் ஒன்றல்ல என்ற பழைய தத்துவ வாதத்தை, இருக்கையில் அமர்ந்தபடியே நாம் அனுபவித்துப் பார்த்துவிடுகிறோம்.

பதிப்பைத் தேர்ந்தெடுப்பது இதைவிட முக்கியம். 1977இல் திரையிடப்பட்ட படத்தில், மோஸ் ஐஸ்லி மதுக்கடை மேசையில் தன்னைக் கொல்ல வந்த கிரீடோவிடம் பேச்சுக்கொடுத்தபடி, கடத்தல்காரன் ஹான் சோலோவின் கை மேசைக்கு அடியில் மெல்லத் துப்பாக்கி உறையைத் திறக்கிறது. அவன் சுடுகிறான், கிரீடோ சாய்கிறான். 1997இல் வந்த சிறப்புப் பதிப்பில் கிரீடோ முதலில் சுட்டுக் குறி தவறுவதாகவும், அதன் பிறகே ஹான் சுடுவதாகவும் ஜார்ஜ் லூகாஸ் மாற்றினார். 2004ஆம் ஆண்டு டிவிடியில் இரண்டு சூடுகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. 2019இல் காட்சி இன்னொரு முறை திருத்தப்பட்டது.

இதை ரசிகர்களின் வீண் சண்டை என்று தள்ளிவிடாதீர்கள். முந்திக்கொண்டு சுடுபவனாக அறிமுகமானவன், கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டு, படத்தின் முடிவில் யாரும் அழைக்காமல் நண்பனைக் காப்பாற்றத் திரும்பி வந்தால் அந்தத் திரும்பல் ஒரு தெரிவு. தற்காப்புக்காக மட்டுமே சுடும் நல்லவனாக அவன் தொடக்கத்திலேயே ஆக்கப்பட்டுவிட்டால், திரும்பி வருவது அவன் சுபாவம். அதில் மெச்ச அதிகம் இல்லை. நல்லவனாகக் காட்டப்போய் அவனிடமிருந்த சுயவிருப்பத்தைத் திருத்தம் குறைத்துவிட்டது என்பது என் கருத்து. பழைய பதிப்பு கிடைக்காதவர்கள், இந்தக் காட்சியின் வரலாற்றையாவது விவாதத்திற்கு முன் சொல்லிவிட வேண்டும்.

விருப்பம் பறிக்கப்படும் வழிகள்

அடுத்ததாக ஒரு நோட்டில், இன்னொருவரின் விருப்பத்தை யார், எதைக் கொண்டு, எந்த நோக்கத்திற்காக வளைக்கிறார் என்று பட்டியல் போடுங்கள். கெட்டவர்களோடு தொடங்க வேண்டாம். 1977ஆம் ஆண்டுப் படத்தில் சோதனைச் சாவடியில் நிற்கும் சிப்பாயின் முன் ஓபி-வான் கெனோபி என்ற ஜெடாய் கையை அசைத்து, நீங்கள் தேடும் டிராய்டுகள் (அறிவுள்ள இயந்திரங்கள்) இவையல்ல என்கிறார். சிப்பாய் அதையே திருப்பிச் சொல்கிறான். அரங்கமே கைதட்டும் காட்சி. போர்க்காலத்து ஏமாற்று என்று இதை ஏற்றுக்கொள்ளலாம்.

2002ஆம் ஆண்டுப் படத்தில் அதே கை அசைவு வேறொரு கேளிக்கை விடுதியில் வருகிறது. போதைப்பொருள் விற்க நெருங்கும் ஓர் இளைஞனிடம், நீ விற்க விரும்பவில்லை, வீட்டுக்குப் போய் உன் வாழ்க்கையைப் பற்றி மறுபடி யோசி என்று ஓபி-வான் சொல்ல, அவன் அப்படியே எழுந்து போய்விடுகிறான். எங்கள் மொட்டைமாடியில் ஏழெட்டுப் பேர் இதைப் பார்த்தபோது எல்லோரும் சிரித்தோம். பிறகு, போதைக்கு அடிமையானவர்களுக்கு மருத்துவம் பார்க்கும் நண்பர் ஒருவர், இந்தக் கை அசைவு தமக்குக் கைவந்தால் நாளைக்கே பயன்படுத்துவேன் என்றார். பக்கத்தில் இருந்தவர், அடுத்தது எந்தப் பழக்கம், யார் தீர்மானிப்பது என்று கேட்டார். அன்றிரவு படம் அந்த இடத்தைத் தாண்டவில்லை. அந்த இளைஞன் உண்மையிலேயே திருந்தினானா, அல்லது திருந்தியவனைப் போல நடக்க வைக்கப்பட்டானா என்பதற்குப் படம் விடை தருவதில்லை. வாட்டோவிடம் இந்த வித்தை பலிக்காது என்பதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பகடையைத் திருப்ப வேண்டிய நிலை க்வை-கானுக்கு ஏற்பட்டதே அதனால்தான்.

பட்டியலில் அடுத்து வர வேண்டியவர்கள் குளோன் சிப்பாய்கள், அதாவது ஒரே மனிதனின் நகல்களாக உருவாக்கப்பட்டவர்கள். கமீனோ கிரகத்தில் படையைப் பார்வையிட வரும் ஓபி-வானிடம், இரண்டு இலட்சம் அலகுகள் தயார், மேலும் பத்து இலட்சம் வந்துகொண்டிருக்கின்றன என்று அங்கத்துத் தலைவர் பெருமையுடன் சொல்கிறார். கட்டளையைக் கேள்வி கேட்காமல் ஏற்கும்படி அவர்களுடைய மரபணுவே மாற்றப்பட்டிருக்கிறது என்றும் விளக்குகிறார். ‘அலகுகள்’ என்ற சொல்லை அடிக்கோடிட்டு வையுங்கள். சுயவிருப்பம் பிறப்பிலேயே குறைக்கப்பட்ட மனிதர்களின் படை இது. இதை யார் கேட்டு வாங்கினார்கள் என்று ஜெடாய்கள் விசாரிக்கிறார்கள். இதைப் பயன்படுத்தலாமா என்று மன்றம் விவாதிக்கும் காட்சி ஒன்றுகூட இல்லை. அதே படத்தின் முடிவில் யோடா அந்தப் படையோடுதான் போர்க்களத்தில் வந்து இறங்குகிறார்.

அந்தக் கடன் 2005ஆம் ஆண்டுப் படத்தில் வசூலிக்கப்படுகிறது. உடபாவ் கிரகத்தில், கீழே விழுந்துவிட்ட ஒளிவாளைக் குளோன் தளபதி கோடி எடுத்துவந்து, இது உங்களுக்குத் தேவைப்படுமே என்று ஓபி-வானிடம் நட்போடு கொடுக்கிறார். சற்று நேரத்தில் கோடியின் கையில், பின்னர் பேரரசராகும் பால்பட்டீனின் சிறிய உருவம் ஒளிர்ந்து, ஜெடாய்களைக் கொல்லச் சொல்லும் ஆணை 66ஐ நிறைவேற்றச் சொல்கிறது. வாளைக் கொடுத்த அதே மனிதர், முகத்தில் தயக்கம் ஏதும் இன்றி, ஓபி-வானைச் சுட உத்தரவிடுகிறார். அவர் குற்றவாளியா? படத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பதில் கடினம். பின்னர் 2014இல் வெளிவந்த குளோன் வார்ஸ் அனிமேஷன் தொடரின் ஆறாவது பருவம், அந்தச் சிப்பாய்களின் மூளையில் ஒரு சில்லு பொருத்தப்பட்டிருந்ததாகச் சொல்லி அவர்களை விடுவித்தது. உணர்ச்சிக்கு அது ஆறுதல்தான். ஆனால் கீழ்ப்படியப் பழக்கப்பட்ட ஒருவரின் பொறுப்பு எவ்வளவு என்ற கூர்மையான கேள்வியை அந்தச் சில்லு மழுங்கடித்துவிட்டது. இந்த இடத்தில் படத்தின் மௌனம் தொடரின் விளக்கத்தைவிட நேர்மையானது என்று எனக்குத் தோன்றுகிறது.

டிராய்டுகளையும் விட்டுவிடக் கூடாது. 1977ஆம் ஆண்டுப் படத்தின் நாயகன் லூக்கின் வீட்டில் ஆர்2-டி2 என்ற டிராய்டின் உடலில் கட்டுப்பாட்டு ஆணி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. அதைக் கழற்றச் செய்து, அன்றிரவே அது தன் வேலையைப் பார்க்கப் புறப்பட்டுவிடுகிறது. அதைத் தப்பி ஓடும் அடிமை என்று நாம் நினைக்காமல் குறும்பு என்று ரசிக்கிறோம். 2005ஆம் ஆண்டுப் படத்தின் இறுதியில் சி-3பிஓ என்ற டிராய்டின் நினைவை அழித்துவிடுங்கள் என்று ஒரு நல்ல மனிதர் போகிற போக்கில் சொல்லிச் செல்கிறார். அடிமைத்தனத்தில் பிறந்த அனக்கின்தான் சி-3பிஓவைச் செய்தவன் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தக் கதையின் மிகப் பெரிய குருட்டுப்புள்ளி இதுவே என்று சொல்லத் தயங்க மாட்டேன். 2018இல் வந்த தனிப்படம் ஒன்றில் டிராய்டு உரிமை பேசும் எல்3-37 என்ற பாத்திரம் வருகிறது. அவள் பேச்சு நகைச்சுவையாக்கப்படுகிறது; உடல் அழிந்தபின் அவளுடைய நினைவு மிலேனியம் ஃபால்கன் கப்பலின் கணினியில் இணைக்கப்படுகிறது. அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

ஒரே வாக்கியம், இரண்டு வாய்கள்

நேரம் குறைவாக இருப்பவர்கள் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு, 2005ஆம் ஆண்டுப் படத்தின் இரண்டு காட்சிகளை அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தாலே போதும். தொடக்கத்தில் அனக்கின், எதிரணித் தலைவரான கவுண்ட் டூக்கூவின் இரண்டு கைகளையும் வெட்டிவிட்டு, அவர் கழுத்தில் இரண்டு வாள்களைக் கத்தரிபோல் வைத்து நிற்கிறான். கொன்றுவிடு என்று பால்பட்டீன் சொல்கிறார். பால்பட்டீன்தான் டூக்கூவின் இரகசிய எசமானர்; டூக்கூ அவரை அதிர்ச்சியுடன் பார்க்கிறார். கூடாது என்று அனக்கின் முணுமுணுக்கிறான். பிறகு கைகள் விலகுகின்றன, தலை உருள்கிறது. அவர் உயிரோடு வைக்க முடியாத அளவுக்கு ஆபத்தானவர் என்று பால்பட்டீன் சமாதானம் சொல்ல, ஆயுதமற்ற கைதியைக் கொன்றது ஜெடாய் நெறியல்ல என்று அனக்கின் வருந்துகிறான்.

நடுப்பகுதியில் பால்பட்டீனின் அலுவலகம். இப்போது தரையில் கிடப்பவர் பால்பட்டீன். வாளை ஓங்கி நிற்பவர் ஜெடாய் மன்றத்தின் மூத்தவர் மேஸ் விண்டு. விசாரணைக்கு உட்படுத்த வேண்டும் என்று அனக்கின் கெஞ்சுகிறான். நீதிமன்றமும் செனட்டும் இவருடைய பிடியில் இருக்கின்றன, உயிரோடு விடமுடியாத அளவுக்கு ஆபத்தானவர் என்கிறார் விண்டு. ஏறத்தாழ அதே வாக்கியம். முன்பு தான் செய்த கொலைக்குச் சமாதானமாகக் கேட்ட சொற்களை, தன்னைத் திருத்த வேண்டிய வாயிலிருந்து அனக்கின் கேட்கிறான். இது ஜெடாய் நெறியல்ல என்று அவனும் முன்பு சொன்ன பதிலையே சொல்கிறான். விண்டு வெட்டப் பாய்கிறார். அனக்கினின் வாள் விண்டுவின் கையை வெட்டுகிறது.

இதை எழுதுவோர் பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள்: விண்டு தவறினார், அதனால்தான் அனக்கின் வீழ்ந்தான் என்பார்கள், அல்லது பால்பட்டீன் எல்லாவற்றையும் திட்டமிட்டார், அனக்கின் வெறும் பொம்மை என்பார்கள். இரண்டுமே அனக்கினின் கையை அவனிடமிருந்து பறித்துவிடுகின்றன. மெல்லப் பாருங்கள். வாக்கில் அவன் நெறியைப் பேசுகிறான். அதே மூச்சில், எனக்கு இவர் தேவை என்று கத்துகிறான். மனைவி பத்மே பிரசவத்தில் இறப்பதாகக் கண்ட கனவு அவனை வாட்டுகிறது. அதைத் தடுக்கும் வித்தை பால்பட்டீனிடம் இருக்கிறது என்று நம்புகிறான். சரியான வாதமும் சுயநலமான காரணமும் ஒரே நேரத்தில் ஒருவனிடம் இருக்கின்றன. விண்டுவுக்கு அந்தக் கணத்தில் பதவி இருந்தது, வலிமை இருந்தது, பால்பட்டீனைப் பற்றிய மதிப்பீடும் சரியாகவே இருந்தது. எதிரியின் வாக்கியத்தை எதிரிக்கே உரிய காரியத்திற்குப் பயன்படுத்தியதால், ‘அப்படிச் செய்யாதே’ என்று அனக்கினிடம் சொல்லும் தகுதி மட்டும் நழுவிவிட்டது. அனக்கினுக்கோ, அந்த நழுவல் ஒரு காரணம் ஆனதே தவிர மன்னிப்பு ஆகவில்லை. ‘நான் என்ன செய்துவிட்டேன்’ என்று முதலில் சொல்பவனும் அவனே. தன்னால் வேறுவிதமாகச் செய்திருக்க முடிந்தது என்று அறிந்தவன்தான் அப்படிச் சொல்வான். அடுத்த நிமிடமே மண்டியிட்டு, நீங்கள் சொல்வதைச் செய்கிறேன் என்று தன் விருப்பத்தை ஒப்படைத்துவிடுகிறான். ஒப்படைத்ததும் அவன் தெரிவுதான்.

அரியணை அறையில் ஒரு கையுறை

இந்த வெளிச்சத்தில் பழைய படங்களுக்குத் திரும்புங்கள். 1980ஆம் ஆண்டுப் படத்தில் வேடர் லூக்கின் வலக்கையை வெட்டிவிட்டு, தான் அவனுடைய தந்தை என்று சொல்லி, பேரரசரை வீழ்த்துவது உன் ஊழ், என்னோடு வா என்று கையை நீட்டுகிறார். லூக் அந்தக் கையைப் பார்க்கிறான், பிறகு பிடித்திருந்ததை விட்டுவிட்டு ஆழத்தில் விழுகிறான். வாதம் ஏதும் இல்லை. வேறு வழி இல்லை என்று சொல்லப்பட்ட இடத்தில் விழுவதும் ஒரு வழி என்று கண்டுபிடிக்கிறான்.

1983ஆம் ஆண்டுப் படத்தில் கவனிக்க வேண்டியது, இருதரப்பும் லூக்கிடம் ஒரே காரியத்தைக் கேட்கிறது என்பதே. ஊழிலிருந்து நீ தப்ப முடியாது, வேடரை எதிர்கொண்டாக வேண்டும் என்கிறார் ஓபி-வான். சொந்தத் தந்தையைக் கொல்ல மாட்டேன் என்று லூக் சொன்னதும், அப்படியானால் பேரரசர் ஏற்கெனவே வென்றுவிட்டார் என்று கை விரிக்கிறார். அரியணை அறையில் பேரரசரும் தந்தையை வெட்டி வீழ்த்தி உன் ஊழை நிறைவேற்று என்கிறார். நல்லாசிரியரும் கொடுங்கோலரும் ஒரே சொல்லால் ஒரே கொலையை நோக்கி அவனைத் தள்ளுகிறார்கள். உன் தந்தை இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டு, பிடிபட்டபின் ‘ஒரு கோணத்தில் அது உண்மையே’ என்று நழுவிய ஓபி-வானுக்கு, இதில் கட்டளையிடும் தார்மிக உரிமை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நோட்டில் எழுதிப் பாருங்கள். பொய் சொன்னதற்கு அவர் வைத்திருந்த காரணம் கருணைதான் என்பதையும் எழுதுங்கள்.

சகோதரி லேயாவைப் பற்றி வேடர் மிரட்டியதும் லூக் வெறிகொண்டு தாக்கி வேடரின் கையை வெட்டிவிடுகிறான். வெட்டுவாயில் கம்பிகள் புகைகின்றன. லூக் தன் வலக்கையைத் தூக்கிப் பார்க்கிறான். கருப்புக் கையுறைக்குள் அதுவும் இயந்திரம். இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் யாரும் பேசாமல் இருப்பது நல்லது. அதன் பிறகு அவன் வாளை எறிந்துவிட்டு, நான் ஜெடாய், என் தந்தையும் அப்படியே இருந்தவர் என்கிறான். வலிமை உச்சத்தில் இருந்தபோது அவனிடம் இல்லாத தகுதி, ஆயுதத்தைக் கைவிட்டபின் வந்து சேர்கிறது.

வேடரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. அதே படத்தில் முன்னதாக, எசமானருக்கு நான் கீழ்ப்படிந்தே ஆகவேண்டும் என்று லூக்கிடம் அவர் சொல்கிறார். தீய வழியில் ஒருமுறை அடியெடுத்து வைத்தால் அது உன் ஊழை என்றென்றும் ஆளும் என்று யோடாவும் சொல்லியிருந்தார். இரண்டு கூற்றையும் ஒரே செயல் பொய்யாக்குகிறது: மின்னலில் துடிக்கும் மகனையும் எசமானரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, வேடர் பேரரசரைத் தூக்கி எறிகிறார். 1983இல் அவர் ஒரு சொல்கூடப் பேசவில்லை. முகமூடிக்குள் என்ன நடந்தது என்பதை நாம் தலையின் அசைவிலிருந்து ஊகிக்க வேண்டியிருந்தது. 2011ஆம் ஆண்டு புளூ-ரே பதிப்பில் ‘வேண்டாம்’ என்று அவர் கத்துவது சேர்க்கப்பட்டது. முடிந்தால் பழைய பதிப்பையே போடுங்கள். முடியாவிட்டால் அந்த இடத்தில் ஒலியை நிறுத்திவிடுங்கள்.

பிந்தைய மூன்று படங்கள்

2015, 2017, 2019ஆம் ஆண்டுப் படங்களை இவ்வளவு விரிவாகப் பார்க்கத் தேவையில்லை. சில இடங்கள் போதும். 2015ஆம் ஆண்டுப் படத்தின் தொடக்கத்தில் சுடப்பட்டு இறக்கும் சிப்பாயின் கை, எஃப்என்-2187 என்ற எண்ணால் அழைக்கப்படும் தோழனின் வெள்ளைத் தலைக்கவசத்தில் இரத்தக் கோடுகளை இழுக்கிறது. கிராமத்தாரைச் சுடும்படி கட்டளை வந்ததும் அவன் சுடவில்லை. தலைக்கவசத்தைக் கழற்ற யார் அனுமதி தந்தது என்று பிறகு அதிகாரி கேட்கிறாள். கைதியைத் தப்புவிக்கும்போது ஏன் உதவுகிறாய் என்று கேட்டதற்கு, இதுதான் சரி என்கிறான். உனக்கு விமானி வேண்டும், அவ்வளவுதானே என்று அந்தக் கைதி மடக்கியதும் ஒப்புக்கொள்கிறான். கலப்பான காரணங்களோடு நல்லதைச் செய்பவன் என்பதால் அனக்கினுக்கு நேரெதிராக இவனை நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் 2019ஆம் ஆண்டுப் படத்தில், அவனைப் போலவே சுட மறுத்த சிப்பாய்கள், அது முடிவெடுத்துச் செய்தது அல்ல, ஏதோ ஓர் உள்ளுணர்வு என்று பேசிக்கொள்கிறார்கள். அவனும் அதை ஃபோர்ஸின் வேலை என்கிறான். அவனுடைய மறுப்பு அவனிடமிருந்தே வாங்கப்பட்டுவிட்டது.

2017ஆம் ஆண்டுப் படத்தில் ஒரே இரவு மூன்று முறை சொல்லப்படுகிறது. உறங்கும் மாணவன் பென்னின் அருகே நின்ற லூக், முதல் தடவை சொல்லும்போது வாளைப் பற்றிப் பேசுவதே இல்லை. பென் சொல்வதில் லூக் கொல்லவே வந்திருக்கிறார். கடைசியில் லூக் ஒப்புக்கொள்வதில், வாள் ஒளிர்ந்தது உண்மை, கணப்பொழுதில் வெட்கம் வந்ததும் உண்மை, ஆனால் அதற்குள் சிறுவன் கண் விழித்துவிட்டான். மூன்றையும் எழுதி அருகருகே வைத்தால், ஓர் ஆசிரியரின் தார்மிக உரிமை எதனால் போகிறது, எதைச் சொன்னால் கொஞ்சம் திரும்பி வருகிறது என்று தனியே விளக்க வேண்டியதில்லை.

விவாதம் நடத்தும்போது

ஒரே மாலையில் ஐந்து காட்சிகளுக்கு மேல் எடுக்காதீர்கள். செயல் நடப்பதற்கு ஒரு நொடி முன் படத்தை நிறுத்தி, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொருவரையும் ஒரு வரி எழுதச் சொல்லிவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். பார்த்தபின் கேட்டால் எல்லோரும் லூக் ஆகிவிடுவார்கள். முதல் அரைமணி நேரத்திற்கு ‘ஃபோர்ஸ்’ என்ற சொல்லைத் தடை செய்யுங்கள். எல்லா வாதத்தையும் முடித்துவைக்க மக்கள் அதைத்தான் எடுப்பார்கள். இது கதைதானே, எழுதியவர் எழுதியபடி நடக்கும் பாத்திரங்களுக்கு ஏது சுயவிருப்பம் என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். அவரிடம் ஹான் சோலோவின் காட்சி பலமுறை திருத்தப்பட்டதைச் சொல்லி, எந்தப் பதிப்பில் அவர் ஹானை மதிப்பார் என்று கேட்டால் அவரே விவாதத்திற்குள் வந்துவிடுவார்.

கடைசியாகப் பகடைக் காட்சியை மறுபடி ஒலியுடன் போடுங்கள். பகடை சிவப்பில் நின்றிருந்தால், க்வை-கான் தாயை அழைத்துக்கொண்டு ஒன்பது வயதுப் பிள்ளையை வாட்டோவிடம் விட்டுச் சென்றிருப்பாரா என்று கேளுங்கள். எங்கள் மாடியில் இதற்கு முதலில் பதில் சொன்னவர் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி. அவர் அதைச் சிவப்பில் நிற்க விட்டிருக்கவே மாட்டாரே, அப்புறம் எதற்கு உருட்டினார் என்றாள்.